ஈரத்துண்டு பதிப்பகத்தின் முதல் நூல்

எங்கள் பதிப்பகத்தின் முதல் நூலில் அதை எழுதியவரின் பெயர் கிடையாது. அதற்குப் பதிலாக நூற்றுப் பன்னிரண்டு உறவினர்களின் பெயர்கள் உண்டு, வயது வரிசைப்படி.

புத்தகக் கண்காட்சிகளில் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் "ஈரத்துண்டுன்னு ஏன் பேரு வச்சீங்க, எப்படி ஆரம்பிச்சீங்க?" என்று கேட்பார்கள். அதற்கென்று ஒரு நாகரிகமான பதில் வைத்திருக்கிறேன். மண், மக்கள், மாற்று எழுத்து என்று அது போகும். பக்கத்துக் கடைக்காரரும் ஏறக்குறைய அதையேதான் சொல்லிக்கொண்டிருப்பார். உண்மையில் எங்கள் பதிப்பகம் ஒருவருடைய முதுகுவலியில் தொடங்கியது.

அப்போது நான் எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். என் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். அப்பா லாரி டிரைவர். புளியறை வழியாகக் கேரளாவுக்குச் சரக்குக் கொண்டுபோவார், ஞாயிற்றுக்கிழமை வந்து தூங்கிவிட்டுத் திங்கட்கிழமை போய்விடுவார். அம்மா பீடி சுற்றினாள். எதிர்வீட்டில் இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, காலையில் இலையும் தூளும் பரப்பிய சுளகோடு வந்து அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தால் பொழுது சாய்கிறவரை இலை வெட்டுவாள், சுற்றுவாள், எங்கள் வீட்டு விவகாரங்கள் எல்லாவற்றையும் தீர்ப்பாள்.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். பேரருவிக்குப் போகிற வழியில், தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகையில் அவருக்கென்று ஒரு பெஞ்சு உண்டு. சாரல் காலத்தில் ராஜா மாதிரி இருப்பார். மற்ற மாதங்களில் அப்பாவின் லாரியில் கிளீனர். முப்பது வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை.

அந்த வருஷம் ஆனி மாதத்தில், சென்னையிலிருந்து ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மாமாவின் பெஞ்சுக்கு வந்து சேர்ந்தார். சொந்தமாகப் பதிப்பகம் வைத்திருப்பவராம். புத்தகக் கட்டுகளைத் தானே தூக்கித் தூக்கி முதுகு போய்விட்டதாம். மாமா முதுகை அழுத்த அழுத்த, அவர் முனகலுக்கு நடுவே தன் கதையைச் சொன்னார். ஒரு மேசை, ஒரு பெயர், வேறு யாரும் போடத் துணியாத ஒரு புத்தகம். இவ்வளவுதான் ஒரு பதிப்பகத்துக்கு வேண்டும், மற்றதெல்லாம் தானாக வரும் என்றார். தானாக வந்தவற்றில் முதுகுவலியும் ஒன்று என்பதை மாமா கவனிக்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் மாமா எங்கள் வீட்டுக்கு வந்து, எண்ணெய் வாசனையோடு நடுவில் நின்று அறிவித்தார்: "அக்கா, நான் பதிப்பகம் ஆரம்பிக்கப் போறேன்."

அத்தை பீடியை நூலால் கட்டிக்கொண்டே கேட்டாள். "அது என்னலே, புரோட்டாக் கடையா?"

"புஸ்தகம் போடுத கம்பெனி. அந்த சார் குப்புறக் கெடந்து சொன்னாரு. குப்புறக் கெடக்கவன் பொய் சொல்ல மாட்டான்."

"ஒனக்கு ஒரு எழுத்தாவது தெரியுமாலே?"

"பஸ்ஸு போர்டு படிப்பேன். எழுத மருமவ இருக்கா. மேசை நம்ம பெஞ்சு. பேரு ஈரத்துண்டு. குத்தாலத்துக்கு வாரவன் பணக்காரனோ ஏழையோ, எல்லாவன் தோள்லயும் கெடக்கது அதுதான்."

"நல்ல பேருதான். கடைசில வயித்துல போட்டுக்கிடதுக்கும் அதுதான் ஆவும்" என்றாள் அத்தை.

மாமா அசரவில்லை. யாரும் போடத் துணியாத புத்தகத்துக்கும் அவரிடம் பதில் இருந்தது: 'குற்றாலத்தில் குளிப்பது எப்படி.'

எனக்குச் சிரிப்பு வந்தது. தண்ணீர் விழுகிறது, கீழே நிற்கிறோம், இதற்கு எதற்குப் புத்தகம் என்று கேட்டேன். மாமா உண்மையாகவே வருந்தினார். பதினைந்து வருஷமாக ஊர் உலகம் தப்பும் தவறுமாகக் குளிப்பதைப் பார்த்துப் பார்த்து அவர் மனசு நொந்து போயிருந்தது. எண்ணெய் தேய்த்த உடனே ஓடிப்போய்த் தலையைக் கொடுப்பது, வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு அருவிக்குள் நிற்பது, குரங்கின் கண் எதிரே பழப்பையைத் திறப்பது. இதையெல்லாம் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டாமா?

இந்தப் பேச்சுக்கு நடுவில்தான் அத்தை என் விஷயத்தை எடுத்தாள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டு வரைதான். ஒன்பதுக்குத் தென்காசிக்கு பஸ்ஸில் போக வேண்டும்.

"எழுதுனது, படிச்சதெல்லாம் போதும். எட்டு முடிஞ்சதும் சுளகை மடியில வச்சு உக்காரட்டும். நம்ம வீட்ல எவ ஒம்பது படிச்சு கலெக்டர் ஆயிருக்கா?"

அம்மா கத்தரிக்கோலை எடுத்து இலையை வெட்டினாள். "பாப்போம் மயினி" என்றாள். அம்மா எதற்கும் அவ்வளவுதான் சொல்வாள்.

மாமாவுக்குத்தான் கோபம் வந்துவிட்டது. "இவ பேரு அச்சுல வரும். புஸ்தகம் எழுதுன பிள்ளைன்னு வரும். பொறவு பேசுங்க."

"அச்சுல பேரு வந்தா நானே கையைப் புடிச்சுக் கூட்டிப்போயி தென்காசி பஸ்ல ஏத்திவிடுதேன். வரலைன்னா?"

"வரலைன்னா சுளகுதான்" என்றார் மாமா. என்னைக் கேட்காமலே என்னைப் பந்தயத்தில் வைத்துவிட்டுக் காபி கேட்டார்.

மறுநாளே எழுதத் தொடங்கினோம். அருவியில் தண்ணீர் கூடி, குளிக்க விடாமல் கயிறு கட்டிவிட்ட நாள்களில் மாமாவுக்கு வேலை இருக்காது. பெஞ்சில் அவர் படுத்துக்கொள்வார், நான் தரையில் கட்டுரை நோட்டோடு உட்காருவேன். மாமா சொல்லுவது ஒன்று, நான் எழுதுவது ஒன்று. எனக்குத் தெரிந்த ஒரே உரைநடை பள்ளிக்கூடத்துக் கட்டுரைதான்.

"எழுது. வாரவன் பூராவும் நேரே போயி அருவிக்குள்ள தலையைக் குடுக்கான். கூமுட்டப் பயலுவ."

நான் எழுதினேன்: 'முன்னுரை. குளியல் என்பது மனித வாழ்வில் இன்றியமையாத ஒன்றாகும்.'

அப்படியே ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் முன்னுரை, பொருளுரை, முடிவுரை வைத்தேன். 'குரங்கும் நாமும்' என்ற அத்தியாயத்துக்கு மட்டும் நன்மைகள், தீமைகள் என்று இரண்டு உட்தலைப்புகள் கூடுதல். நன்மை எதுவும் கிடைக்காமல் மாமாவும் நானும் ஒரு மத்தியானம் முழுக்க யோசித்தோம். புத்தகத்தின் கடைசி வரியை என் கையெழுத்திலேயே மிக அழகாக எழுதினேன்: 'ஆகவே, நாம் அனைவரும் குற்றாலம் வந்து குளித்து நலம் பெறுவோமாக.' இந்த வரிதான் பின்னால் எங்களைப் பிடித்து ஆட்டப் போகிறது என்று அப்போது தெரியவில்லை.

தென்காசியில் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த அச்சகத்துக்குக் கையெழுத்துப் பிரதியைக் கொண்டுபோனோம். அச்சக அண்ணாச்சி கல்யாணம், காதுகுத்து, புதுமனை, கருமாதி எல்லாம் அடித்தவர். புத்தகம் அடித்ததில்லை. அதை ஒத்துக்கொள்ளவும் மாட்டார்.

"விசேஷம் எப்பம்?" என்றார்.

"விசேஷம் இல்ல அண்ணாச்சி. புஸ்தகம்."

"இருக்கட்டும்லா. என்னைக்கு வெளிய வருது?"

மாமா கொஞ்சம் யோசித்து, "ஆடி அமாவாசை. கூட்டம் இருக்கும்" என்றார்.

அண்ணாச்சி அதை எழுதிக்கொண்டார். "நேரம்?" ஒன்பது மணி. "எடம்?" மாமாவின் பெஞ்சு. "பெரியவங்க பேரெல்லாம் எங்க?"

மாமாவின் முகம் மாறியது. எங்கள் குடும்பம் அச்சில் பார்த்ததெல்லாம் கல்யாணம், காதுகுத்துப் பத்திரிகைகளைத்தான். அதில் யார் பெயர் இருக்கிறது, யாருக்குக் கீழே யார் என்பதெல்லாம் உயிர் போகிற விஷயம். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணப் பத்திரிகையில் கடையத்துப் பெரியப்பாவின் பெயர் அவருடைய தம்பி பெயருக்குக் கீழே வந்துவிட்டது. அந்தக் கல்யாணத்துக்கு வந்து, சாப்பிடாமல், பந்தலில் எல்லாரும் பார்க்கிற இடத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனவர் அவர். மாமா அச்சடிக்கிறார் என்ற செய்தி கடையத்துக்குப் போன மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார்.

"எனக்குப் பேரு முக்கியமில்ல மாப்ள" என்றார் பெரியப்பா, அம்மா கொடுத்த காபியை ஆற்றிக்கொண்டே. "வரிசை முக்கியம்."

அதற்குப் பிறகு தடுக்க முடியவில்லை. அண்ணாச்சி தந்த புரூஃபில் எண்பது பெயர்கள் இருந்தன. அதை நான்தான் திருத்தினேன். இரண்டாம் பக்கத்தில் 'எழுதியவர்' என்று போட்டு, பக்கத்தில் என் பெயர். நான் அந்தத் தாளை மடித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் வகுப்பு முழுவதற்கும் காட்டினேன். தமிழ் டீச்சருக்கு இரண்டு தடவை காட்டினேன். அதன்பின் பெரியப்பாவின் சம்பந்தி வீட்டார், அத்தை வீட்டுக்காரரின் வகையறா, பிறந்து மூன்று மாதமான ஒரு பேரன் எல்லாரும் வந்து சேர்ந்து, கணக்கு நூற்றுப் பன்னிரண்டில் நின்றது.

ஒரு சனிக்கிழமை காலை தாள்கள் ஆட்டோவில் வந்து இறங்கின. ஐந்நூறு பிரதிக்கு உண்டானவை. மடித்து, ஒன்றுக்குள் ஒன்று செருகி, முதுகில் பின் அடிக்கும் வேலை பாக்கி. மாமா அதற்கு ஆள் தேடவில்லை. ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி சுற்றுகிற கைகள் வீட்டிலேயே இருக்கும்போது எதற்கு என்றார்.

அம்மாவும் அத்தையும் சுளகை மடியில் வைத்துத் தாள்களைப் பரப்பினார்கள். எனக்கு ஸ்டேப்ளர். முதல் பத்து நிமிஷத்திலேயே அத்தைக்குத் தாள் முரண்டு பிடித்தது. பீடி இலை காய்ந்திருந்தால் என்ன செய்வாளோ அதைச் செய்தாள். செம்பில் தண்ணீர் எடுத்து, ஈரத்துணியால் சுற்றி, பதமாக வைத்துவிட்டாள். நான் பார்ப்பதற்குள் நூறு பிரதிக்கு ஆன தாள்கள் பதமாகிவிட்டன. ஈரத்துண்டு பதிப்பகத்தின் முதல் நூல் ஈரமாகத்தான் பிறந்தது.

அதோடு விடவில்லை. இருபத்தைந்து இருபத்தைந்தாகப் பீடி நூல் போட்டு இறுக்கிக் கட்டினாள். பீடிக் கடையில் செக்கிங் செய்கிறவர் எப்படிப் பீடியை உருட்டிப் பார்த்து ஒதுக்குவாரோ, அப்படியே ஒவ்வொரு புத்தகத்தையும் இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்து, "இது சொத்தை" என்று பதினொரு பிரதிகளைத் தூக்கி எறிந்தாள். இன்றுவரை அத்தையைப் போல ஒரு தரக்கட்டுப்பாட்டாளர் எங்கள் பதிப்பகத்துக்குக் கிடைக்கவில்லை.

தேறிய கட்டு ஒன்றிலிருந்து ஒரு பிரதியை அம்மா கையில் எடுத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு திறந்தாள்.

"ஒன் பேரு எங்கன இருக்கு?"

அத்தையின் கை நின்றது.

நான் அதற்குள் மூன்று தடவை புரட்டிப் பார்த்துவிட்டேன். என் பெயர் இல்லை. பெயர்கள் நூற்றுப் பன்னிரண்டு ஆனபோது அண்ணாச்சிக்கு இடம் போதவில்லை. வேண்டாத ஒரு வரியை எடுத்திருக்கிறார். பத்திரிகையில யாரு எழுதுனாங்கன்னு எவனாவது போடுவானா என்று பின்னால் கேட்டபோது சொன்னார். எழுதினவள் என்பதால் உறவினர் பட்டியலிலும் என்னைச் சேர்த்திருக்கவில்லை. மூன்று மாதக் குழந்தை இருந்தது. நான் இல்லை.

இரண்டாம் பக்கத்தின் அடியில் மட்டும், கட்டம் போட்டுத் தடித்த எழுத்தில் ஒரு வரி இருந்தது. அது அச்சகத்தின் பெயர்.

"இங்கன" என்று அதைத் தொட்டேன்.

அம்மா குனிந்து பார்த்தாள். பீடி இலையில் ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பாளே, அப்படி. அப்புறம் என்னைப் பார்த்தாள். எனக்குக் காது சுட்டது.

"செரி. குங்குமச் செப்பை எடு" என்றாள்.

பத்திரிகைக்கு மஞ்சள் தடவாமல் வெளியே அனுப்புகிற வழக்கம் எங்களிடம் இல்லை. அத்தை ஏற்கெனவே மஞ்சளைக் குழைத்து அட்டையின் நான்கு மூலைகளிலும் தடவத் தொடங்கியிருந்தாள். அம்மா குங்குமத்தைத் தொட்டு, அந்தத் தடித்த எழுத்து வரிக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு வைத்தாள். அடுத்த பிரதியை எடுத்தாள், அதிலும் வைத்தாள்.

"எதுக்கும்மா?"

"ஆரும் தேட வேண்டாம்லா."

அத்தை எட்டிப் பார்த்தாள். "பெருசாத்தான் போட்டிருக்கான்" என்று சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். தோற்றதை அதற்குமேல் அத்தை ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை.

நானூற்றெண்பத்தொன்பது பொட்டுகள். ஒவ்வொன்றாக அம்மா வைக்க வைக்க, என் பொய்க்கு ஒவ்வொரு சாட்சி கூடிக்கொண்டே போயிற்று. எழுத்துத் தெரியாத அம்மாவை ஏமாற்றிவிட்டோமே என்று அவள்மேல் எனக்கு அப்படி ஓர் இரக்கம் வந்தது. படித்தவளுக்கே உரிய இரக்கம்.

பெயர் போட்ட வீடுகளுக்குப் புத்தகத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. கடையத்தில் மாமா வாய் தவறி விலையைச் சொல்லிவிட்டார். பெரியப்பா எழுந்து நின்றுவிட்டார். "பத்திரிகைக்குத் துட்டு கேக்கியே மாப்ள, ஒங்க வீட்ல இதுதான் பழக்கமா?" அதற்குப் பிறகு மாமா தாம்பாளம், வெற்றிலை பாக்கு, பழத்தோடுதான் போனார். ஒவ்வொரு வீட்டிலும் என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். நான் அவரவர் பெயரைப் படிப்பேன். பிறகு கடைசி வரியைப் படிப்பேன். 'ஆகவே, நாம் அனைவரும் குற்றாலம் வந்து' என்று தொடங்கியதுமே தலையை ஆட்டுவார்கள். "வந்துருதோம், வந்துருதோம். கண்டிப்பா வந்துருதோம்."

மரியாதைக்குச் சொல்லுகிறார்கள் என்று நினைத்தோம்.

ஆடி அமாவாசை அன்று காலை எட்டரைக்கு அம்மாவும் நானும் அத்தையும் கொட்டகையில் இருந்தோம். மாமா பெஞ்சைக் கழுவி, புத்தகங்களை அடுக்கி, தலையில் புதுத் துண்டு கட்டியிருந்தார். வெளியே சாரல் நூல் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. கூட்டமோ கூட்டம். எங்கள் தப்பு என்ன என்று முதல் அரைமணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது. அருவிக்கு வருகிறவன் ஜட்டியோடும் துண்டோடும் வருகிறான். புத்தகம் வாங்கி எங்கே வைப்பான்? திரும்பிப் போகிறவன் நனைந்து நடுங்கிக்கொண்டு மிளகாய் பஜ்ஜியைத் தேடிப் போகிறான். ஒருவர் வாங்கினார், அதையும் குரங்கு பிடுங்கிக்கொண்டு போய்ப் புங்கமரத்தில் உட்கார்ந்து மஞ்சள் தடவிய மூலையைக் கடித்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டது.

"ஈரத்துணியை எடுத்து வச்சுக்கோலே" என்றாள் அத்தை.

அப்போதுதான் மூன்று வேன்கள் வந்தன.

முதலில் பெரியப்பா இறங்கினார். பட்டு வேட்டி, நெற்றி நிறைய விபூதி, கையில் புத்தகம். பின்னால் சம்பந்தி வீட்டார். அவர்களுக்குப் பின்னால் பெண்கள் பட்டுச்சேலையில், பிள்ளைகள், மூன்று மாதக் குழந்தை. அடுத்த வேனில் அத்தை வீட்டுக்காரரின் வகையறா. ஒவ்வொருவர் கையிலும் புத்தகம். விசேஷம் ஆடி அமாவாசை, காலை ஒன்பது மணி, இடம் மாமாவின் பெஞ்சு. அட்டையிலேயே அண்ணாச்சி போட்டிருந்தாரே.

பெரியப்பா கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். "பந்தி எங்கன மாப்ள?"

மாமா அந்த ஒரு நிமிஷம் எப்படித் தாக்குப் பிடித்தார் என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் எடுத்தார். "பந்தி பொறவு. மொதல்ல எண்ணெ. மூத்தவுக வரணும். வரிசை முக்கியம்லா" என்றார்.

"அது செரிதான்" என்றார் பெரியப்பா. பட்டு வேட்டியை அவிழ்த்து மடித்து மனைவியிடம் கொடுத்துவிட்டுத் துண்டோடு பெஞ்சில் படுத்தார். அவருக்குப் பின்னால் புத்தக வரிசைப்படி உறவினர்கள் நின்றார்கள். பெயரை நான் படிக்க, ஆண்கள் ஒவ்வொருவராக வந்து படுத்தார்கள். பெண்களை அத்தை ஓரமாக உட்கார வைத்துத் தலையில் எண்ணெய் வைத்துவிட்டாள். கொட்டகையிலிருந்து வரிசை சாலை வரை போயிற்று.

இதை ஊர் உலகம் பார்த்தது. எண்பது பேர் கையில் ஒரே மாதிரிப் புத்தகத்தோடு நிற்கிறார்கள், உள்ளே போனால் காசு வாங்காமல் எண்ணெய் தேய்த்து அனுப்புகிறார்கள். மதுரையிலிருந்து வந்த ஒரு கூட்டத்தில் ஒருவர் கேட்டார். "அண்ணே, அந்த புக்கு வாங்குனா ஃப்ரீயா தேப்பாங்களா?"

மாமா சம்பந்தியின் முதுகிலிருந்து தலையைத் தூக்கினார். "ஆமா" என்றார்.

அதற்கப்புறம் எனக்குப் புத்தகம் எடுத்துக் கொடுக்கக் கை போதவில்லை.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் வந்தார். ஓய்வு பெற்ற வாத்தியார் மாதிரி இருந்தார். புத்தகம் வாங்கினவர்களில் அவர் ஒருவர்தான் அதைத் திறந்தார். கூரைக்கு அடியில் நின்று, இரண்டாம் பக்கத்தைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார்.

"இதென்ன, இதுக்குப் போயிப் பொட்டு வச்சிருக்கு?"

அத்தை நெஞ்சை நிமிர்த்தினாள். "அது எங்க பிள்ளை பேரு. அவதான் இதை எழுதுனா. எட்டாங்கிளாசு."

"பேரா?" பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "ஏம்மா, இதுல போட்டிருக்கது..."

தென்காசி பஸ் என்னை ஏற்றாமல் போவது கண்ணில் தெரிந்தது. சுளகு மடியில் வந்து விழுந்தது.

விழுந்தது எண்ணெய்க் கிண்ணம். மாமாவுக்கு எண்ணெய் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த அம்மா கால் வழுக்கித் தடுமாறி, கால் லிட்டர் மூலிகை எண்ணெயையும் அந்தப் பெரியவர்மேல் கொட்டிவிட்டாள். புத்தகம், சட்டை, கண்ணாடி எல்லாம் எண்ணெய். "ஐயோ சார், ஐயோ சார்" என்று அம்மா பதறி, அவர் கண்ணாடியைக் கழற்றித் தன் முந்தானையால் துடைத்தாள். முந்தானையிலும் எண்ணெய். துடைக்கத் துடைக்க அது பால் மாதிரி மங்கியது. பெரியவருக்குப் புத்தகம் அல்ல, எதிரே நிற்கிற ஆளே தெரியவில்லை. மாமா அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துப் பெஞ்சில் குப்புறப் படுக்க வைத்துவிட்டார். இரண்டு அழுத்தில் அவர் கேள்வியை மறந்து முனகத் தொடங்கினார். எண்ணெய் பட்ட பக்கம் கண்ணாடித்தாள் மாதிரி ஆகி, பின்பக்கத்து எழுத்துகளும் முன்னால் வந்து கலந்துவிட்டன. இனி அதை யாராலும் படிக்க முடியாது.

அத்தை அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். "கண்ணு எங்கனட்டி இருக்கு? கால் லிட்டர் எண்ணெ!"

"பாறை வழுக்கிட்டு மயினி" என்றாள் அம்மா, தலையைக் குனிந்துகொண்டு. தாளிக்கும்போது கரண்டியில் ஒட்டிய எண்ணெயையும் விரலால் வழித்துத் தலையில் தடவிக்கொள்கிறவள் அவள். அவளுக்குப் போய் இப்படி ஆகிவிட்டதே என்று எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் மனசுக்குள் குற்றாலத்துப் பாறைகளுக்கு நன்றி சொன்னேன்.

அன்று மாலைக்குள் புத்தகங்கள் தீர்ந்தன. மாமாவுக்கு இரண்டு வாரம் கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை. சோற்றை அம்மா பிசைந்து கொடுத்தாள். பந்தி கிடைக்காத பெரியப்பா, அருவிக்கரையில் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, இந்த மாதிரி ஒழுங்கான வரிசையை எந்தக் கல்யாணத்திலும் பார்த்ததில்லை என்று சொல்லிப் போனார். சீசன் முடிந்ததும் மாமா லாரிக்குத் திரும்பினார். பதிப்பகம் பெஞ்சுக்கு அடியில் தூங்கியது.

அடுத்த ஜூன் மாதம் அத்தை சொன்னபடி என் கையைப் பிடித்துக்கொண்டுபோய்த் தென்காசி பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். எனக்கு ஸீட் கிடைக்கிறவரை கண்டக்டரை விசில் ஊத விடவில்லை.

பிறகு நான் பத்து, பன்னிரண்டு, கல்லூரி, அதற்கு மேலும் ஒரு பட்டம் என்று படித்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் ஆள். மாமாவின் பதிப்பகத்தை எழுப்பி, முறைப்படி பதிவு செய்து, தென்காசியில் ஒரு மாடி அறையில் நடத்துகிறேன். விற்பனைப் பிரிவு மாமாதான். வெளியீட்டு விழாக்களுக்கு இன்றும் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் எழுத்தாளரின் சொந்தக்காரர்கள்தாம். மற்ற பதிப்பகத்தார் இதை வெளியே சொல்வதில்லை.

போன வருஷம், மாமா சொல்லாமல் நானே எழுதிய முதல் புத்தகம் வந்தது. முதல் பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா கையில் ஒட்டியிருந்த புகையிலைத் தூளைக் கழுவிவிட்டு வந்து வாங்கினாள். இரண்டாம் பக்கத்தைத் திறந்தாள். நான் காட்டுவதற்காகக் கையை நீட்டினேன். அதற்குள் அவள் விரல் வரி வரியாக இறங்கி, சரியாக என் பெயரில் வந்து நின்றது.

"எப்பிடிம்மா கண்டுபிடிச்ச?"

"முன்னால ஒரு கொக்கி, நடுவுல ஒரு புள்ளி, கடைசி எழுத்துக்குத் தலைக்கு மேல ஒரு குடை. ஒண்ணாங்கிளாசுல ஒன் நோட்டு அட்டையில பாத்தது. அது ஒண்ணுதான் எனக்குப் படிக்கத் தெரியும்."

குங்குமச் செப்பைத் திறந்து, விரலைத் தொட்டு, பொட்டு வைத்தாள். கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

"இந்தத் தடவை சரியான எடத்துல இருக்கு" என்றாள்.

எனக்கு அந்தக் கொட்டகை ஞாபகத்துக்கு வந்தது. குற்றாலத்துப் பாறைகள் வழுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அன்றைக்கு அம்மா நின்றிருந்தது பாறையில் இல்லை. தகரக் கூரைக்குக் கீழே, சொட்டு ஈரம் இல்லாத சிமென்ட் தரையில்.